மூச்சு திரும்புமுன் அழைக்கும் பெயர்

நுவரெலியாவில் விடியற்காலை வாய் திறந்தவர் எவராயினும் வெண்புகை விடுவார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக என் மூச்சை நான் கண்ணால் கண்டே பழகியவன். கோவில்பட்டியில் வந்திறங்கிய விடியலில் வழக்கம்போல் அதைத் தேடினேன், காணவில்லை. அதற்கு மாறாக, கழுத்துப்பட்டிக்குள் வியர்வை இறங்கத் தொடங்கியிருந்தது. கம்பளி மேற்சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன். நாடு திரும்பும்வரை அதை மீண்டும் அணிய நேரவில்லை.

உடன் வந்தவள் என் தம்பி மகள் யாழினி. பளுதூக்கும் வீராங்கனை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான் வாழ்நாளில் தூக்கிய பெரும்பளு பேரகராதியின் தொகுதிகளே. தம்பியால் கடையை விட்டு வர இயலவில்லை. ஆகவே துணைக்கு நான்.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு கொழும்பில் நாட்டு அணிக்கான தெரிவுப் போட்டி நடந்தது. இரும்புத்தண்டைத் தோளில் நிறுத்திப் பின்பு தலைக்கு மேல் தள்ளும் தூக்கில், யாழினியின் இரண்டாம் முயற்சி தவறியது. மற்றவர் அனைவரும் முடித்திருந்தமையால் மூன்றாம் முயற்சிக்கும் அவளே வரவேண்டியதாயிற்று. ஒருவரே தொடர்ந்து தூக்க நேர்ந்தால் விதி தரும் இடைவெளி இரண்டே நிமிடம். நாற்காலியில் அமர்ந்து போர்வையைச் சுற்றிக்கொண்டவள், அழைப்பு வந்தபோது எழுந்தாள். தண்டு தோள்வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. அதே பளுவை ஊரில் அவள் பன்முறை ஏற்றக் கண்டவன் நான். "கடலோரக் காற்று கனம் பெரியப்பா. எனக்கு ஒத்துக்கல" என்றாள். ஊரிலும் அனைவரும் அதையே நம்பினர்.

இவ்வாண்டுத் தெரிவு அடுத்த திங்களில் நடக்கவிருந்தது. இம்முறையும் தவறினால் பளுவை விட்டு வங்கிப் பணிக்கான பயிற்சியில் சேர்ந்துவிடுவதாகத் தந்தைக்கு அவள் வாக்களித்திருந்தாள். தந்தை கேட்டுப் பெற்ற வாக்கன்று அது, அவளே கொடுத்தது. அதனால்தான் எனக்கு அச்சம் மிகுந்தது.

சென்ற ஆண்டு அப்போட்டியைக் காண வந்திருந்தவர்களுள் கோவில்பட்டிப் பயிற்றுநர் செல்வராணி அம்மையாரும் ஒருவர். பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியை. இளமையில் தாமும் பளுதூக்கியவர். யாழினி தோற்று அழுதுகொண்டிருக்கையில் என்னிடம் வந்து, "இந்தப் பிள்ளைக்குத் தோள்ல ஒரு கொறையும் இல்ல. ஒக்காந்து எந்திரிக்கதுலதான் கொறை. ஒரு மாசம் என்கிட்ட அனுப்புங்க" என்று சொல்லிப் போனார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கடல் கடந்தோம்.

ஊரின் ஓரத்தில், முன்னாளில் பருத்திப் பொதிகள் அடுக்கிய கொட்டகைதான் பயிற்சிக்களம். உரிமையாளர் சாகுல் அண்ணாச்சி பழைய இரும்பு வணிகர். அவர் எங்களுக்குத் தேநீர் வருவித்தார். தேயிலை விளையும் ஊரிலிருந்து வந்தவன் என்ற செருக்கோடு அதை வாங்கினேன். எங்கள் ஊரில் நிறமும் மணமும் கெடாதபடி மென்மையாக வடிப்போம். இங்கே தேயிலையை வேகவைத்து, பாலோடு மல்லுக்கு நிறுத்தி, ஆற்றி அடக்கித் தருகிறார்கள். முதல் மிடற்றில் முகம் சுளித்தேன். மாலையில் நானாகவே கேட்டு வாங்கினேன்.

அண்ணாச்சி யாழினியை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன இது, ஒல்லியா இருக்கா! மலைலேருந்து பிள்ள வாரான்னதும் பாறாங்கல்லு மாதிரி ஒருத்தி வருவான்னுல்லா கதவ அகலமா தொறந்து வச்சிருந்தேன்."

பயிற்சிப் பெண்கள் சிரித்தனர். அவர்களுள் தலைமையானவள் சென்னம்மாள். புதூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரி. யாழினியின் எடைப் பிரிவையே சேர்ந்தவள். "சிரிக்காதீங்கட்டி" என்றாள் அவள். "இவிய ஊர்ல காத்தே கம்மியாம். கம்மிக் காத்துலயே அம்புட்டுத் தூக்குனவ, இங்கன நம்ம காத்தக் குடிச்சா ரெண்டு மடங்குல்லா தூக்கிருவா!"

யாழினியின் கண்கள் ஒளிர்ந்தன. அவளும் அதையே எண்ணியிருந்தாள் என்று நினைக்கிறேன். கடலோரம் தன்னை வீழ்த்தியது உப்புக்காற்று; கரிசலின் உலர்காற்று தன்னை உயர்த்தும் என்று ஒரு கணக்கு அவளிடம் இருந்தது. மறுநாட்காலை தன் உச்சப் பளுவை ஏற்றச் சொன்னாள். தூக்கினாள். எளிதாகவே தூக்கினாள். மேலும் சிறிது ஏற்றியதும் தண்டு அசையவில்லை. மலையில் எதுவோ இங்கும் அதுவே, கூடவுமில்லை, குறையவுமில்லை.

கொட்டகையே ஏமாந்தது. செல்வராணி அம்மையார் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று நகைத்தார்.

"காத்தக் குடிச்சா தூக்குதீங்க? ஒரு தூக்குக்கு எத்தன செகண்டு ஆவுது? அந்நேரம் மூச்ச அடக்கிட்டுல்லா நிக்கீங்க! அடக்குன மூச்சுக்கு மலை என்ன, மடு என்ன?"

எளிய சொற்கள், ஆயின் உடலியலின் ஒரு பெருங்கூற்று அவற்றில் அடங்கியிருந்தது. மாலையில் அவர் விளக்கியதை என் நடையில் தருகிறேன். ஒரே ஒரு முறை முழு வலிமையையும் திரட்டித் தூக்கும்போது, தசை தன்னுள் முன்பே சேமித்த ஆற்றலையே செலவிடுகிறது. அக்கணத்தில் அதற்குக் காற்று வேண்டுவதில்லை. ஆகவே எங்கள் ஊர் போன்ற ஆறாயிரம் அடி உயரத்திலும் உச்ச வலிமை பெரிதும் மாறுவதில்லை. மெல்லிய காற்றின் தடை குறைவாகையால் எறிதலும் தாவலும் சற்றே நலம்பெறக்கூடும். மாற்றம் தெரிவது தூக்கி முடித்த பின்புதான். செலவான ஆற்றலை மீண்டும் நிரப்ப உயிர்வளி வேண்டும். உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் அது குறைவு. எனவே ஒரு தூக்குக்கும் அடுத்ததற்கும் இடையே உடல் கூடுதல் ஓய்வு கேட்கிறது. கொடுக்காவிடில் அன்றைய பயிற்சியின் அளவு சுருங்கும்.

"இது எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க ஐயா" என்றார் அம்மையார். "ஓட்டக்காரவிய மலைக்குப் போயி பயிற்சி எடுக்காவளே, நம்ம பிள்ளைகளும் போனா என்னன்னு ஒரு கோடைல கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். மொத தூக்கு அம்புட்டுப் பேரும் அருமையா தூக்குனாளுவ. எனக்கு ஒரே பெரும. ரெண்டாவது சுத்துல ஒருத்தி ஒக்காந்தா. மூணாவதுல எல்லாவளும் ஒக்காந்துட்டாளுவ."

"டீச்சர் ஒக்காரல" என்றாள் சென்னம்மாள். "அவிய போர்வைக்குள்ள படுத்திருந்தாவ."

"ஏட்டி, வாய மூடு! குளுருல பசியில்லங்கா ஒருத்தி, ஒறக்கம் வரலங்கா இன்னொருத்தி. வேல கொறஞ்சுது, சாப்பாடு கொறஞ்சுது, சதை எங்க நிக்கும்? எளச்சுப்போயி எறங்குனோம். ஓட்டத்துக்கு ஆவுற மருந்து தூக்குக்கும் ஆவும்னு நெனச்சது என் தப்புதான்."

தம் பிழையைக் கதையாக்கிச் சிரிக்கவைக்கும் அப்பண்பு என்னைக் கவர்ந்தது. யாழினியோ சிரிக்கவில்லை. "அப்ப எங்க சார் சொல்லிக்கொடுத்தது தப்பா?" என்று கேட்டாள். அவளுடைய ஊர்ப் பயிற்றுநர் ஒவ்வொரு தூக்குக்கும் பின் நாற்காலியில் அமர்த்திப் போர்வையால் மூடி, மூச்சு முற்றிலும் அடங்கும்வரை எழ விடமாட்டார்.

"தப்பே இல்லம்மா. அந்த ஊருக்கு அது சரி. ஆனா போட்டில அந்த நாக்காலி ரெண்டு நிமிசத்துக்குத்தானே இருக்கு? ஒன் ஒடம்பு நாக்காலிக்குப் பழகிட்டு."

இக்கொட்டகையில் நாற்காலியே இல்லை. ஒரு மேடை, ஒரு தண்டு, ஆறு பெண்கள். அதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்திருக்கிறது. தூக்கியவள் தண்டை இறக்கிய நொடியில் அடுத்தவளின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். பெயருக்குரியவள் "வாரேன்" என்று விடையிறுக்கவேண்டும். விடை வந்தவுடன் தட்டுகள் மாறும். முந்தியவள் ஓரத்தில் நின்றபடியே மூச்சு வாங்குவாள். பெயரைச் சொல்ல இயலாதவளுக்கு அத்தூக்கு முடிந்ததாகக் கொள்ளப்படுவதில்லை. அதேபோல் "வாரேன்" என்றவள் எக்காரணம் கொண்டும் பின்வாங்கக் கூடாது; கண்டிப்பாகத் தூக்கவேண்டும்.

முதற்சில நாட்கள் யாழினிக்கு இது பெருந்துன்பமாயிற்று. தண்டை இறக்குவாள், வாய் திறப்பாள், காற்றுதான் வரும். வரிசை முழுவதும் அவளுக்காகக் காத்து நிற்கும்.

"ஏட்டி, வாயில கடலமிட்டாயா வச்சிருக்க?"

"பாவம்ட்டி, பேரு மறந்துபோச்சு. சென்னம்மா, சென்னம்மா! எழுதிக் கையில ஒட்டிக்கிடுதியா?"

என்னருகே வந்து, "மூச்சு திரும்ப வர்றதுக்குள்ள கத்தச் சொன்னா எப்படி பெரியப்பா?" என்று குமைந்தாள்.

கொட்டகையின் மற்றொரு வழக்கத்தையும் இங்கே குறிக்கவேண்டும். கரிசல் மண் ஓரிடத்தில் அமைந்திருக்கும் மண்ணன்று. வெயிலில் வெடிக்கும், ஈரத்தில் ஊதும். அதன்மேல் இட்ட மரமேடை நாளுக்கொரு பக்கம் சாயும். ஆகவே ஒவ்வொரு காலையும் சாகுல் அண்ணாச்சி தம் சட்டைப்பையிலிருந்து மிதிவண்டிச் சக்கரத்தின் இரும்புக்குண்டு ஒன்றை எடுத்து மேடை நடுவே வைப்பார். அனைவரும் பேச்சை நிறுத்தி அதையே நோக்குவர். அது உருண்டோடும் பக்கத்தில் மரச்சிம்பு செருகி நிமிர்த்துவர். குண்டு அசையாது நின்றபின்னரே பயிற்சி. எங்கள் மலையில் மண்சரிவு உண்டு. ஆயினும் இப்படி நாள்தோறும் நிலத்தை நலம் விசாரித்துவிட்டு வேலை தொடங்கும் மக்களை நான் கண்டதில்லை.

உணவைப் பற்றிச் சொல்லாமல் நகர்வது நன்றிகேடு. காலையில் அண்ணாச்சியின் இல்லத்திலிருந்து உளுந்தங்களி வரும். நடுவே குழித்து நல்லெண்ணெய் ஊற்றியிருக்கும். கருப்பட்டியின் இனிப்பும் எண்ணெயின் வழவழப்புமாக அது தொண்டையில் இறங்குவதே ஓர் இன்பம். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கும் லீக்சு என்னும் வெங்காயத்தாள் வகையுமாக வளர்ந்த யாழினி, முதல் நாள் ஒரு விரலளவு தொட்டாள். வாரம் திரும்புவதற்குள் சென்னம்மாளின் தட்டிலிருந்தும் எடுக்கலானாள்.

ஞாயிறன்று சென்னம்மாளின் ஊருக்கு அழைக்கப்பட்டோம். அண்ணாச்சியின் கடைக்கு இரும்பு சுமக்கும் லோடு ஆட்டோவே ஊர்தி. என்னை ஓட்டுநர் அருகில் அமர்த்தினர். பெண்கள் பின்னே நின்றனர். இருபுறமும் உளுந்தும் மக்காச்சோளமும் மழையை எதிர்நோக்கி நின்றன. பார்வையைத் தடுக்க ஒரு குன்றும் இல்லாத அப்பரப்பு என்னைச் சிறிது அச்சுறுத்தியது. எங்கள் ஊரில் எத்திசை நோக்கினும் மலை வந்து கண்ணை நிறுத்தும்; இங்கே வானம்தான் சுவர்.

சென்னம்மாளின் வீட்டார் ஆடு வளர்ப்பவர்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு. கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறியவாறே அவள் தாயும் அத்தையும் யாழினியின் தோள்களைப் பார்த்துத் தமக்குள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தனர். பொருள் கேட்டேன். சென்னம்மாள் மொழிபெயர்த்தாள்: "இந்தப் பிள்ளையக் கட்டிக்கிடுதவன் பாடு என்னாகும், கோவம் வந்தா தலைக்கு மேல தூக்கிருவாளேங்காவ எங்க அம்மா. தூக்குனா தூக்கட்டும், எறக்கையில மெதுவா எறக்குனாப் போதும்ங்காவ அத்தை." யாழினிக்குச் சோறு புரையேறியது. அந்நிலத்திற்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாழிகை பெய்தும் ஓயவில்லை. கறுப்பு மண் பசையாகிவிட்டது. ஊர்தியின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. நான் இறங்க முற்பட்டேன்.

"நீங்க இருங்க ஐயா. ஒங்க வெயிட்டெல்லாம் ஒரு வெயிட்டா?" என்றாள் சென்னம்மாள்.

ஆயினும் இறங்கினேன். நான்கடி நடப்பதற்குள் என் காலணிகள் மேல் மண் மற்றுமோர் இணைக் காலணியாக அப்பிக்கொண்டது. "ஐயாவுக்குக் காலுக்கொரு பிளேட்டு ஏறிட்டு!" என்று எவளோ கூவினாள்.

பின்விளிம்பை ஒருத்தி பற்றித் தூக்கவேண்டும்; அந்தக் கணத்தில் மற்றவர் சக்கரத்தின் கீழ்க் கருவேலங்கிளைகளைத் திணிக்கவேண்டும். சென்னம்மாள் முதலில் தூக்கினாள். இறக்கியவுடன் பழக்கத்தால் அடுத்தவளின் பெயரைக் கூவினாள். அவள் மற்றொருத்தியை. மழையில் முறை சுழன்றது. யாழினியின் முறை வந்தது. முழங்காலளவு சேற்றில் நின்று தூக்கினாள், நரம்புகள் கழுத்தில் புடைத்தன, இறக்கினாள். "சென்னம்மா!" என்று அவள் எழுப்பிய குரல் எனக்குப் பின்னால் வெகுதூரம் போயிற்று.

"வாரேன்!" என்றாள் சென்னம்மாள். பிறகுதான் நின்று, "ஏட்டி, நீயா கத்துன?" என்றாள்.

அமர நாற்காலியில்லை, போர்த்தப் போர்வையில்லை, ஊர்தி புதைந்திருக்கிறது. மூச்சைப் பற்றி எண்ண அவளுக்கு அவகாசமே இருக்கவில்லை. அதன்பின் கொட்டகையில் அவளுக்காக வரிசை நிற்கவில்லை. பயிற்சியின் அளவு நாளுக்கு நாள் கூடியது. உயரத்தின் குறை எவ்வளவு, குளிரின் குறை எவ்வளவு, வெறும் பழக்கத்தின் குறை எவ்வளவு என்று பிரித்துக் கூற என்னால் இயலாது. செல்வராணி அம்மையாரும் "அதெல்லாம் ஆராய்ச்சிக்காரவிய பாடு" என்று கூறிவிட்டார்.

புறப்படுவதற்கு முன்னாள் கொழும்பைப் போலவே ஓர் ஒத்திகை வைத்தார் அம்மையார். மழைக்குப் பின் மேடை ஒரு பக்கம் உப்பியிருந்தது. இரும்புக்குண்டு மூன்று முறை உருண்டோடிய பின்பே அமைந்தது. மற்றப் பெண்களைச் சுவரோரம் அமைதியாக நிற்கச் சொன்னார். எங்கிருந்தோ ஒரு நாற்காலியும் கொணர்ந்து போட்டார். யாழினி இரண்டாம் முயற்சியில் தவறினாள். வழக்கப்படி வாய் திறந்தாள், அழைக்க எவருமில்லை. தயங்கினாள். நாற்காலி அருகிலிருந்தது, அமர்ந்தாள். இரண்டு நிமிடம் கழித்து எழுந்தவளின் தோளுக்கு மேல் தண்டு ஏறவில்லை.

சென்ற ஆண்டு கண்ட அதே காட்சி. யாழினி சுண்ணப்பொடி படிந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். "வரிசைல நின்னாத்தான் எனக்கு வருது. தனியா நின்னா வரல."

சென்னம்மாள் சுவரைவிட்டு வந்தாள். "அதுக்கு என்னத்துக்கு அழுத? அங்கன ஆளு இல்லேன்னா என் பேரச் சொல்லு. நான் இங்கன இருந்து வாரேன்னு சொல்லுதேன்."

"கேக்குமா?"

"கேக்காட்டி என்ன? நான் சொல்லுவேன்ல்லா?"

கொழும்பு மண்டபத்தில் குளிரூட்டி ஓடியது. அந்த ஒன்றில் மட்டும் எங்கள் ஊர்ச் சாயல். தோளில் நிறுத்தித் தள்ளும் தூக்கில், சொல்லிவைத்தாற்போல், யாழினியின் இரண்டாம் முயற்சி தவறியது. மற்றவர்கள் முடித்துவிட்டனர். அணியில் இடமோ ஒன்று; அதைப் பெற அந்தப் பளு ஏறியாகவேண்டும். கடிகாரம் இரண்டு நிமிடத்திலிருந்து கீழிறங்கத் தொடங்கியது.

அவள் மேடையின் விளிம்பில் நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். பின்பு மண்டபம் அதிர, "சென்னம்மா!" என்று கூவினாள்.

நடுவர்கள் ஒருவரையொருவர் நோக்கினர். அப்பெயரில் அங்கு எவருமில்லை. யாழினியின் பார்வை இருக்கைகளின் மீது அலைந்தது. அவள் காத்திருக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. விடை வரவில்லையெனில் அடுத்த தூக்கு தொடங்காது. வாழ்நாளெல்லாம் 'வருகிறேன்' என்றே சொல்லியும் எழுதியும் வந்த நான், என்னையறியாமல் எழுந்து நின்று, அடித்தொண்டையிலிருந்து, "வாரேன்!" என்றேன்.

மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. யாழினி பார்க்கவில்லை, அவள் சிரித்துக்கொண்டே சுண்ணப்பொடியில் கைவைத்துவிட்டாள். நின்றபடியே மூச்சு வாங்கினாள். அமரவேயில்லை. அழைத்தபோது போனாள், குனிந்தாள், தோளில் நிறுத்தினாள், தள்ளினாள். தண்டு தலைக்கு மேல் நின்றது. தூக்கு செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெண்விளக்குகளும் எரிந்தபின்பும் சிறிது நேரம் அவள் அதை இறக்கவில்லை.

அணியில் பெயர் உறுதியான மாலையில் கோவில்பட்டிக்குப் பேசினோம். அம்மையாரின் கைப்பேசியில் முதலில் கேட்டது தட்டுகளின் ஓசை. செய்தியறிந்து கொட்டகை கூச்சலிட்டு ஓய்ந்தபின் சென்னம்மாள் பேசியைப் பறித்துக்கொண்டாள்.

"நான் இங்கன இருந்து சொன்னேன் ஐயா, சத்தியமா. அவளுக்குக் கேட்டுச்சா?"

"உன் குரல் கேட்கவில்லையம்மா. ஆகையால் உனக்குப் பதிலாக 'வாரேன்' என்று நானே சொல்லவேண்டியதாயிற்று" என்றேன்.

"நீங்களா சொன்னீய? அப்போ அடுத்த தூக்கு ஒங்களுதுல்லா ஐயா! தூக்குனீயளா, இல்லியா?"